மாணிக்கத்துக்கு எத்தனை யூனிட்? அக்ரோமெகலி வந்த பூனைக்குச் சென்னையில் என்னென்ன வழி

சர்க்கரை வந்த பூனை இளைக்கும். தடவிக் கொடுத்தால் முதுகெலும்பு கையில் தட்டுப்படும். எங்கள் மாணிக்கம் மட்டும் பெருத்துக்கொண்டே போனான். 11 வயது, கருத்தடை செய்த கடுவன், பெரம்பூர் மாடி வீட்டைவிட்டு இறங்காதவன். சர்க்கரை என்று தெரிந்த அன்று 5.3 கிலோ இருந்தான், எட்டு மாதம் கழித்து 6.8. கீழ் வீட்டுக்காரர்கள் "சிங்கம் மாதிரி ஆயிட்டான்" என்று கொஞ்சினார்கள். இன்சுலினோ வேளைக்கு 1 யூனிட்டில் ஆரம்பித்து 10 யூனிட்டைத் தொட்டிருந்தது. அப்படியும் மீட்டரில் 400-க்குக் கீழே எண் வந்தால் அதிசயம். வீட்டில் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. ஒருநாள் ராத்திரி ஊசி போட்டுக்கொண்டே கேட்டார்: "எனக்கு எட்டு, அவனுக்குப் பத்தாடா?"

அந்தக் கணக்குதான் டாக்டரையும் உறுத்தியது. பெரும்பாலான பூனைகளுக்கு வேளைக்கு மூன்று நாலு யூனிட்டுக்குள் வேலை முடிந்துவிடும். கிலோவுக்கு ஒன்றரை யூனிட் போட்டும் சர்க்கரை அசையவில்லை என்றால் உள்ளே ஏதோ ஒன்று இன்சுலினை மறிக்கிறது. சில மாத ஓட்டத்துக்குப் பிறகு அதன் பெயர் தெரிந்தது: அக்ரோமெகலி. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு சின்னக் கட்டி. கிட்டத்தட்ட எப்போதும் புற்றல்லாத கட்டிதான், ஆனால் வளர்ச்சி ஹார்மோனை ஊற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது. கூடவே கல்லீரலைத் தூண்டி ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்க வைக்கும். தாடை, பாதம், நாக்கு, இதயம், சிறுநீரகம் எல்லாம் வளர்வது அதனால்தான்.

இது ஏதோ லட்சத்தில் ஒன்று என்று நினைக்க வேண்டாம். 2015-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் சர்க்கரை உள்ள 1,221 பூனைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நாலில் ஒன்றுக்கு ஐஜிஎஃப்-1 அளவு, அக்ரோமெகலியைச் சந்தேகிக்கும் எல்லையான 1,000-க்கு மேல் இருந்தது. முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதும் சரியில்லை. அதே ஆய்வில் நோய் உறுதியான பூனைகளில் பெரும்பாலானவற்றின் டாக்டர்களுக்கு முன்கூட்டியே வலுவான சந்தேகம் இருக்கவில்லை. மாணிக்கம் ஒரு வருடமாகக் குறட்டை விட்டதை நாங்கள் வயது என்று நினைத்திருந்தோம். 2019-இல் எடுத்த ஒரு போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான், கீழ்த்தாடை முன்னே வந்திருப்பதும் கோரைப்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருப்பதும் கண்ணில் பட்டது. தினம் பார்க்கிற முகம் மாறுவது தெரியாது.

சோதனை பற்றி இரண்டே விஷயம். இன்சுலின் ஆரம்பித்து ஆறிலிருந்து எட்டு வாரம் ஆன பிறகுதான் ஐஜிஎஃப்-1 பார்க்க வேண்டும். கல்லீரல் அதைச் சுரக்கவே இன்சுலின் தேவை என்பதால், முன்கூட்டியே பார்த்தால் எண் பொய்யாகக் குறைந்து காட்டலாம். இரண்டாவது, 1,000 என்ற எல்லை எல்லா லேபுக்கும் பொருந்தாது, சோதனை முறையைப் பொறுத்து மாறும். மனிதர்களுக்கான லேபில் கொடுத்தால், அந்த முறை பூனை ரத்தத்துக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால் சாதாரணக் குற்றவாளிகளை விசாரிக்க வேண்டும். பல் ஈறு சீழ், சிறுநீர்த் தொற்று, கணைய வீக்கம், அரிப்புக்கென்று போட்ட ஸ்டீராய்டு ஊசி, இவை எல்லாமே இன்சுலினை மறிக்கும். நம் ஊரில் இன்னொன்று உண்டு: வெயிலில் கெட்டுப்போன இன்சுலின். மே மாத மதியம் கடையிலிருந்து வாங்கி, பைக் டிக்கியில் போட்டு, இரண்டு இடம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் அதில் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கும்? நான் ஒரு தடவை அப்படிச் செய்திருக்கிறேன்.

மீட்டர்: இதை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்த மருந்து என்பதற்கு முன்னால் எந்த மீட்டர் என்று முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. காரணம், இந்தக் கட்டி ஒரே சீராகச் சுரப்பதில்லை. சில வாரம் அடைமழை, சில வாரம் தூறல். அடைமழை வாரத்தில் 12 யூனிட்டும் போதாது, தூறல் வாரத்தில் அதே 12 யூனிட் ஆளைச் சாய்த்துவிடும். எது எந்த வாரம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எங்களுக்கு இருந்த வழிகள் மூன்று.

ஆஸ்பத்திரியிலேயே நாள் முழுக்க வைத்து, இரண்டு மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து வரைபடம் போடுவது ஒன்று. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் எந்த ஆஸ்பத்திரி ஆனாலும், பக்கத்துக் கூண்டில் நாய் குரைத்துக்கொண்டிருந்தால் பயத்திலேயே பூனையின் சர்க்கரை ஏறிவிடும். சர்க்கரை நோயே இல்லாத பூனைக்குக்கூட அப்படி ஏறும். அந்த எண்ணை நம்பி டோஸ் கூட்டினால், வீட்டுக்கு வந்து அமைதியாகப் படுக்கும்போது சர்க்கரை லோ ஆகும். சில மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஃப்ரக்டோசமின் சோதனைக்கு ஆஸ்பத்திரி சரி, அது இரண்டு மூன்று வாரச் சராசரியைச் சொல்லும். தினசரி டோஸைத் தீர்மானிக்க அது உதவாது.

இரண்டாவது, தோலில் ஒட்டும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார். மனிதர்களுக்கு 14 நாள் வரும். பூனை மேல் அவ்வளவு நாள் நின்றால் அதிர்ஷ்டம். முடியை மழித்து, ஒரு சொட்டுப் பசை வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஒட்டினார்கள். சென்னைப் புழுக்கத்தில் ஆறாம் நாள் ஓரம் தூக்கியது, ஏழாம் நாள் சோபாவுக்கு அடியில் கிடந்தது. ஆனாலும் அந்த ஆறு நாளில் தெரிந்தது ஆறு மாதத்தில் தெரியாதது: நள்ளிரவு 2 மணிக்கு அவனுடைய சர்க்கரை அடிமட்டத்தைத் தொடுகிறது என்பது. இரண்டு குறைகளைச் சொல்லிவிடுகிறேன். 500-க்கு மேல் போனால் எண் வராது, 'ஹை' என்று மட்டும் காட்டும். மாணிக்கத்துக்கு முதல் இரண்டு நாள் பாதி நேரம் 'ஹை'தான். அப்புறம், சென்சார் பார்ப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் உள்ள நீரை. சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது சில நிமிடம் பின்தங்கியே சொல்லும். லோ என்று தோன்றினால் காதில் குத்தித்தான் உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாவது, அம்மாவின் குளுக்கோமீட்டர். மெடிக்கல் ஷாப்புக்குப் போனால் ஸ்ட்ரிப் கிடைத்துவிடும். ஒரு சென்சார் விலையில் நாலைந்து டப்பா வாங்கலாம். பூனை ரத்தத்தில் இது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். மனித ரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது, பூனை ரத்தத்தில் கிட்டத்தட்ட எல்லாமே வெளியே பிளாஸ்மாவில். மீட்டரின் கணக்கு மனித ரத்தத்துக்காகப் போட்டது. பூனைக்கென்றே செய்த ஆல்ஃபாட்ராக் போன்ற மீட்டரில் இந்தச் சிக்கல் கிடையாது, ஆனால் அதன் ஸ்ட்ரிப்புக்கு வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டும். நான் மனித மீட்டரையே தேர்ந்தெடுத்தேன். தவறு எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கிறதல்லவா? குறைத்துக் காட்டும் மீட்டர் சீக்கிரம் பயமுறுத்தும், அவ்வளவுதான். தீர்ந்துபோன ஸ்ட்ரிப்புக்காகப் பத்து நாள் காத்திருப்பதைவிட அது மேல். எந்த மீட்டரானாலும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள், எண்களை ஒப்பிட்டுப் பார்க்க அப்போதுதான் முடியும்.

காதில் குத்துவது கேட்கத்தான் கொடுமை. காது ஓரத்தில் ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடும், விளக்கை எதிரே பிடித்தால் தெரியும். அதற்கும் விளிம்புக்கும் நடுவே குத்த வேண்டும். காதைச் சூடாக்கிக்கொள்ளச் சொல்வார்கள், நம் ஊரில் டிசம்பர் ஜனவரி தவிர அதற்கு அவசியம் இல்லை. துளி வாஸலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்து மாதிரி நிற்கும். பின்னால் பஞ்சை அணைப்பாக வைத்துக்கொள்ளாவிட்டால் ஊசி உங்கள் விரலையும் பதம் பார்க்கும். குத்தி முடித்ததும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. மூன்றாம் வாரத்தில் மீட்டர் டப்பா திறக்கும் சத்தம் கேட்டாலே மாணிக்கம் வந்து உட்கார ஆரம்பித்தான். கோழிக்குத்தான்.

எந்த இன்சுலின்

ஆரம்பத்தில் எங்களுக்குக் கொடுத்தது என்பிஹெச், கலங்கலாக இருக்கும் பழைய வகை. விலை குறைவு, எல்லாக் கடையிலும் உண்டு. ஆனால் பூனை உடம்பில் 12 மணி நேரம் தாக்குப்பிடிப்பது அரிது. சட்டென்று இறக்கி, அடுத்த ஊசிக்கு முன்பே ஏற விட்டுவிடும். கிளார்ஜின் தெளிவாக இருக்கும் வகை. அமிலத் தன்மையோடு உள்ளே போய், தோலுக்கடியில் நுண்துகளாகப் படிந்து, மெல்லக் கரையும். அதனால் ஏற்ற இறக்கம் குறைவு. லான்டஸ், பேசலாக், கிளாரிட்டஸ் என்று பல பெயரில் இங்கே கிடைக்கிறது. வேறு இன்சுலினோடு கலக்கக் கூடாது, தண்ணீர் விடக் கூடாது. அக்ரோமெகலிப் பூனைக்கு இரண்டில் எது என்று கேட்டால் யோசிக்காமல் கிளார்ஜின் என்பேன். தேவை மேலும் கீழும் ஆடுகிற நோயில், இன்சுலினும் சேர்ந்து ஆடினால் எதைப் பிடிப்பது?

செலவைப் பாருங்கள். 3 மில்லி கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். சாதாரணச் சர்க்கரைப் பூனைக்கு வேளைக்கு 2 யூனிட் என்றால் கணக்குப்படி 75 நாள் வரும். 12 யூனிட் போடும் மாணிக்கத்துக்குப் பன்னிரண்டரை நாள். திறந்த இன்சுலினை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்ற கவலையே எங்களுக்கு இல்லை, கெடுவதற்கு முன்பு தீர்ந்துவிடும்! மூன்று மடங்கு அடர்த்தியான டூஜியோவும் இருக்கிறது. அதை அதற்குரிய பேனாவில் மட்டும்தான் போட வேண்டும், சிரிஞ்சில் உறிஞ்சவே கூடாது.

சிரிஞ்ச் என்றதும் எங்கள் வீட்டில் நடக்கவிருந்ததைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் மனித இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. அம்மாவுடையது முதல் வகை, மாணிக்கத்துடையது இரண்டாவது. இரண்டும் ஒரே ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தன. ஒரு காலை அவசரத்தில் சிவப்பு மூடியைக் கழற்றி, மாணிக்கத்தின் கிளார்ஜினை 10 என்ற கோடு வரை இழுத்துவிட்டேன். ஏதோ அதிகமாக இருக்கிறதே என்று கை நின்றது. அந்த சிரிஞ்சில் 10 என்றால் கால் மில்லி. கிளார்ஜினில் அது 25 யூனிட். இரண்டரை மடங்கு. அன்றைக்கே அம்மாவின் இன்சுலின் மேல்தட்டுக்கும் மாணிக்கத்தின் இன்சுலின் காய்கறிப் பெட்டிக்கும் போய்விட்டன. சர்க்கரை உள்ள மனிதரும் பூனையும் ஒரே வீட்டில் இருந்தால் இதை இன்றே செய்துவிடுங்கள்.

இறுக்கிப் பிடிப்பதா, விட்டுப் பிடிப்பதா

சாதாரணச் சர்க்கரைப் பூனைக்கு ஆரம்பத்திலேயே இறுக்கிப் பிடித்து, எண்ணை இயல்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தால், கணையம் தேறி இன்சுலினே தேவைப்படாமல் போகும் வாய்ப்பு நிறைய. அந்தப் பரிசுக்காகக் கொஞ்சம் ஆபத்தைத் தாங்கலாம். அக்ரோமெகலியில் கட்டி அப்படியே இருக்கும்வரை அந்தப் பரிசு பெரும்பாலும் கிடையாது. கிடைக்காத பரிசுக்கு எதற்கு முழு விலை?

ஆகவே விட்டுப் பிடிப்பதுதான் என் தேர்வு. நாளின் பெரும்பகுதி 150-க்கும் 300-க்கும் நடுவே இருந்தால் போதும் என்று டாக்டரும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். சுமார் 270-ஐத் தாண்டினால்தான் பூனையின் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அதற்குக் கீழேயே பெரும்பாலும் நின்றால் தாகமும் சிறுநீர்த் தட்டில் சேரும் ஈர மண்கட்டியும் குறையும், பின்னங்கால் துவண்டு குதிகால் தரையில் படுமாறு நடப்பதும் குறையும். பூனைக்கு வேண்டியது அதுதான், மீட்டர் எண் நமக்குத்தான் வேண்டும்.

அதற்காக டோஸைக் கூட்டப் பயப்படவும் கூடாது. 20, 30 யூனிட் வரை போகும் பூனைகளும் உண்டு, மேல் எல்லை என்று ஒன்றும் இல்லை. பயந்துகொண்டு 5 யூனிட்டில் நிறுத்தினால் சர்க்கரை 500-லேயே நிற்கும், ஒருநாள் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பைக் கரைத்து உண்டாக்கும் அமிலம்) ஏறி மூச்சு வாங்கும். கூட்டுவதை மெதுவாக, சில நாள் இடைவெளியில், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். பார்க்க வேண்டியது உச்ச எண்ணை இல்லை, அன்றைய அடிமட்ட எண்ணை. கீட்டோன் பார்க்கும் சிறுநீர்க் குச்சியும் வீட்டில் இருக்கட்டும். சிறுநீரைப் பிடிக்கப் பழைய குழிக்கரண்டி ஒன்று எங்களிடம் தனியாக உண்டு.

விட்டுப் பிடித்தும் ஒருநாள் மாட்டினோம். 12 யூனிட்டில் பத்து நாள் ஓடியிருந்தது. ராத்திரி இரண்டரைக்கு ஏதோ விழுகிற சத்தம். மாணிக்கம் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பின்னங்கால் விரிந்து நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான், கூப்பிட்டால் திரும்பவில்லை. மீட்டரில் 41. தேனை விரலில் எடுத்து ஈறில் தேய்த்தேன். வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பத்து நிமிடம் கழித்து 52. இன்னும் கொஞ்சம் தேன். 70 வந்ததும் தானாகவே எழுந்து மீன் கிண்ணத்துக்குப் போனான். கிளார்ஜின் நீண்ட நேரம் நிற்பது என்பதால் விடியும்வரை அரை மணிக்கு ஒரு குத்து. இரண்டு காதும் சிவந்துவிட்டன. டாக்டர் டோஸைப் பாதியாக்கினார், மூன்றாம் வாரமே பழையபடி 400. பாதியாக்கிய பிறகு எதையும் நாங்கள் மாற்றவில்லை. கட்டி தூறலிலிருந்து அடைமழைக்குத் திரும்பியிருந்தது.

வேரையே பிடுங்கலாமா

பிடுங்கலாம். அறுவை சிகிச்சைதான் முதன்மை வழி. வாய் அண்ணம் வழியாகப் போய் பிட்யூட்டரியையே எடுத்துவிடுவார்கள். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இதைப் பழக்கமாகச் செய்கிறார்கள்: லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி, நெதர்லாந்தின் உட்ரெக்ட், அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் போன்றவை. லண்டன் குழு 2021-இல் வெளியிட்ட 68 பூனைகளின் கணக்கில் 58 பூனைகள் முதல் நாலு வாரத்தைத் தாண்டின. அவற்றில் 41 பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படவில்லை. வேறு எந்த வழியும் இதற்குப் பக்கத்தில் வராது. அதே கணக்கை இன்னொரு பக்கமிருந்து படித்தால் பத்துப் பூனைகள் ஒரு மாதம் தாண்டவில்லை. பிழைத்ததற்கும் தைராய்டு, ஸ்டீராய்டு மருந்துகள் ஆயுசு முழுக்க, பலவற்றுக்கு டெஸ்மோபிரெசின் சொட்டும் (சிறுநீர் அளவுக்கு மீறிப் போகாமல் தடுக்கும் மருந்து).

சென்னையிலிருந்து பிரிட்டன் போக, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் அனுப்பி, எதிர்ப்புச் சக்தி அளவு தேறி, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அப்புறம் பல லட்சம் ரூபாய், சரக்குப் பகுதியில் பத்து மணி நேரத்துக்கு மேல் விமானம், நடுவில் ஒரு வேளை ஊசி. பணம் ஒருபுறம் இருக்கட்டும். மாணிக்கத்துக்கு எக்கோ எடுத்தபோது இதயச் சுவர் தடித்திருந்தது, இதுவும் அக்ரோமெகலியின் வேலைதான். அந்த இதயத்தோடு அந்தப் பயணமும் மயக்க மருந்தும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். எட்டு வயதுப் பூனை, இதயம் நன்றாக இருக்கிறது, வசதியும் உண்டு என்றால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கதிர்வீச்சு இரண்டாவது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட 53 பூனைகளின் கணக்கில், இன்சுலின் விவரம் கிடைத்த 41-இல் பெரும்பாலானவற்றுக்கு டோஸ் இறங்கியது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை இன்சுலினை விட்டன. கட்டி பெரிதாகி மூளையை அழுத்தி, பூனை வட்டமடிப்பதும் மந்தமாவதும் ஆரம்பித்தால் கதிர்வீச்சுக்கு மதிப்பு கூடும். மற்றபடி ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து, பலன் தெரியப் பல வாரம், அந்த வாரங்களில் எப்போது தேவை இறங்குமோ என்று காதில் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊரில் கதிர்வீச்சுக் கருவிகள் இருப்பது மனிதர்களின் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில். அங்கே வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் பூனைக்கு என்று கேட்கவும் மனம் வராது.

மருந்தில் இரண்டு உண்டு. பேசிரியோடைட் மாதம் ஒரு ஊசி. மனிதர்களுக்கு இதைப் போட்டால் சர்க்கரை ஏறும் என்பது தெரிந்த பக்கவிளைவு, பூனைக்கோ இன்சுலின் தேவை இறங்குகிறது, விசித்திரம்தான். 14 பூனைகளோடு ஆரம்பித்த ஆய்வில் எட்டுப் பூனைகள் ஆறு மாதத்தை முடித்தன, மூன்று இன்சுலினை விட்டன. வயிற்றுப்போக்கு சகஜம். விலை யானை விலை. இதை நான் இரண்டு நிமிடத்துக்கு மேல் யோசிக்கவில்லை.

கேபர்கோலின் மாத்திரை அப்படியில்லை. மனிதர்களுக்குப் பால் சுரப்பு ஹார்மோன் பிரச்சினைக்குக் கொடுப்பது, இங்கே சீட்டைக் காட்டினால் கிடைக்கும். ஆய்வுகளில் கொடுத்த அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். மாணிக்கத்தின் எடைக்கு 68 வருகிறது, 0.25 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு 62.5. கைக்குக் கச்சிதம். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. பலனில்தான் தகராறு. 2022-இல் வந்த ஓர் ஆய்வில் 23 பூனைகளில் எட்டு, ஆறு மாதத்தில் இன்சுலினை விட்டன. அதற்கு முன் 2021-இல் வந்த மற்றொன்றில், ஒன்பது பூனைகளுக்கு மூன்று மாதம் கொடுத்தும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இரண்டுமே சின்ன ஆய்வுகள். நான் இதற்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்ற பக்கம் சாய்ந்தேன். செலவு பெரிதில்லை, பூனையை ஊர்விட்டு ஊர் தூக்க வேண்டாம், ஒத்துவரவில்லை என்றால் நிறுத்திவிடலாம். மூன்று மாதத்தில் இன்சுலின் டோஸும் ஐஜிஎஃப்-1 அளவும் அசையாவிட்டால் நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசி, தேதியைக் காலண்டரில் குறித்தாயிற்று. தேதி குறிக்காவிட்டால் ஆசையிலேயே வருடம் ஓடிவிடும்.

சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புதிய மாத்திரைகளையும் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பெக்ஸாகிளிஃப்ளோசின் 2022 டிசம்பரில் பூனைகளுக்கு அனுமதி பெற்றது. ஆனால் ஏற்கெனவே இன்சுலின் எடுக்கும் பூனைக்குத் தரக் கூடாது என்பது அதன் லேபிளிலேயே இருக்கிறது, சர்க்கரை எண் நன்றாக இருக்கும்போதே கீட்டோன் ஏறிவிடும் ஆபத்து உண்டு. அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த டாபாகிளிஃப்ளோசினை உடைத்துப் பூனைக்குக் கொடுத்துப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு, மின்வெட்டு, தீபாவளி

மீன் சோறும் தயிர் சாதமும் நிறுத்தியாயிற்று. மாவுச்சத்துதான் சர்க்கரை, உலர் தீவனத்திலும் அது நிறைய உண்டு. ஈரத் தீவனப் பாக்கெட்டும், முள் எடுத்து வேகவைத்த சங்கராவும் கோழியும் கலந்து போகிறது. வெறும் மீனும் கோழியும் மட்டும் போட்டால் கால்சியமும் மற்ற சத்துகளும் குறைந்துபோகும் என்பதால் பாக்கெட்டை முழுக்க விடவில்லை. அக்ரோமெகலிப் பூனையின் பசி சாதாரணப் பசி இல்லை. குப்பைக்கூடையில் இருந்த இட்லித் துணியை மாணிக்கம் மென்றுகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரே வேளையாகக் கொட்டாமல் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுத்தால் லோ ஆகும் பயமும் குறைகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மின்சாரம் போனபோது அம்மாவின் இன்சுலின் மண்பானையில் இருந்தது. பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, மேலே ஈரத்துணி. அந்தப் பானை இன்னும் பரணில்தான் இருக்கிறது, அடுத்த மழைக்கு இரண்டு பேர் இன்சுலினுக்கும் இடம் உண்டு. தீபாவளி வேறு மாதிரித் தொல்லை. வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் போனவன் காலையிலிருந்து ராத்திரிவரை வாய் வைக்கவில்லை. சாப்பிடாத பூனைக்கு முழு டோஸ் போட முடியாது, போடாமலும் விட முடியாது. எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு எழுதி வைத்திருந்தது அன்றைக்கு உதவியது.

அந்தச் சீட்டு இப்போதும் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு நோட்டு, அம்மாவுக்கு நீல மை, மாணிக்கத்துக்குச் சிவப்பு. கேபர்கோலின் ஆரம்பித்து இன்றோடு ஏழு வாரம், காலண்டரில் குறித்த தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நேற்று ராத்திரிப் பதிவு: அம்மா 8, மாணிக்கம் 9.